உள்ளபடி போன இன்டர்வியூக்கள்

போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனி. வராந்தா பெஞ்சில் முதலில் ராயப்பன்பட்டி சவரிமுத்து. இரவல் சட்டை, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருந்தான். அடுத்து நான். அடுத்து ஒரு கண்ணாடிக்காரர், பைலை மடியில் வைத்து மந்திரம் மாதிரி முணுமுணுத்தபடி. கடைசியில், பச்சைச் சட்டையில், கடலை தின்றுகொண்டு, உள்ளபடி.

இன்டர்வியூவுக்குத் திருவிழாவுக்குப் போகிற மாதிரிப் போன ஆள் தேனி ஜில்லாவிலேயே அவன் ஒருவன்தான். நாங்களெல்லாம் பல் பிடுங்கப் போகிற முகத்தோடு போவோம்.

எந்தப் பேச்சையும் "உள்ளபடிக்குச் சொன்னா" என்றுதான் ஆரம்பிப்பான். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில்தான் பார்த்தேன். அதை இங்கே எழுதினால் அவனுக்கே யாரென்று தெரியாது.

அன்றுதான் முதல் பழக்கம். கடலைப் பொட்டலத்தை நீட்டினான்.

"எடுத்துக்கங்கப்பா. நம்மள்ல யாருக்கு அவசரம்? அவுக மொத போகட்டும். நான் பொழுது பூராம் சும்மாதேன்."

கண்ணாடிக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

உள்ளே மேனேஜர் ஒரு கை ஏலக்காயை நம் உள்ளங்கையில் கொட்டுவார். ரகம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. நான் "முதல் ரகம் சார்" என்றேன். சவரிமுத்து "முதலுக்கும் மேல சார்" என்றான். உள்ளபடி ஒரு காயைக் கடித்தான். நாக்கை நீட்டினான். பச்சை.

"உள்ளபடிக்குச் சொன்னா சார், காய் போன வருசத்துது. சாயம் இந்த வருசத்துது."

வெளியே வந்தவனை "என்னடா ஆச்சு?" என்று கேட்டோம்.

"நல்ல மனுசன்ப்பா. சேரை விட்டு எந்திரிச்சு, வாசக் கேட்டு வரைக்கும் கூடவே வந்து அனுப்பி வச்சாக."

வேலை கண்ணாடிக்காரருக்கு.

இது தொண்ணூற்றொன்பது வாக்கில். அதன்பிறகு எங்கே ஆள் எடுத்தாலும் நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில்தான். தேனியில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளியம்மாவே வாடிக்கைக்காரர் மாதிரி உட்கார்ந்து சேலை காட்டச் சொன்னார். உள்ளபடி காட்டினான்.

"இது வேணாம் ஆத்தா. ரெண்டு தண்ணிக்குத் தாங்காது. எதுத்த கடையில நல்லது கெடக்கு, பாத்து எடுங்க."

கம்பத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். அங்கே "உன்கிட்ட என்ன குறை?" என்று கேட்டார்கள். "ரொம்ப உழைப்பேன் சார், அதான் குறை" என்று நானும் சவரிமுத்தும் சொல்லிவிட்டு வந்தோம். உள்ளபடி தன் குறைகளை உள்ளதுபோல் சொல்ல ஆரம்பித்தான். முதலாளி சாப்பிடப் போனார். கை கழுவித் திரும்பி வந்தார். அவன் பாதிதான் வந்திருந்தான்.

எங்கே தோற்றாலும் வெளியே வந்து ஒரு நல்லது சொல்வான். டீ கொடுத்தாக. ஃபேனை நம்ம பக்கம் திருப்பி விட்டாக. ஒக்காரச் சொன்னாக. நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அது போதும்.

போதாத ஆள் ஒருவர் இருந்தார். வீரபாண்டியில் அவன் தாய்மாமன். மாமன் மகள் செல்விக்கும் இவனுக்கும் சின்ன வயதிலேயே பேச்சு. மாமன் ஒருநாள் கூப்பிட்டு வைத்துச் சொல்லிவிட்டார்.

"ஏலே, கோயில் திருவிழா முடியுறதுக்குள்ள மாசச் சம்பளத்துல நில்லு. இல்லாட்டி பெரியகுளத்துல ஒரு கிளார்க்கு கேட்டு வந்திருக்காக. பேசி முடிச்சிருவேன்."

செல்வியும் ஆள் விட்டுச் சொன்னாள். "ஒரே ஒரு பொய் சொல்லச் சொல்லுங்க. ஒண்ணுதேன். பெறகு ஆயுசுக்கும் கேக்க மாட்டேன்."

சரி என்றான். முதல்முறையாக முகம் வாடி இருந்தான்.

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு மில்லில் ஆள் எடுத்தார்கள். இரண்டு நாள் அவனுக்குப் பயிற்சி கொடுத்தோம். "இந்த வேலை எதுக்குன்னு கேட்டா, மில்லோட வளர்ச்சிக்குன்னு சொல்லு" என்றான் சவரிமுத்து. அவன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். தூக்கத்தில்கூடச் சரியாகச் சொன்னான்.

அன்று நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம். கேள்வி வந்தது.

"மில்லோட வளர்ச்சிக்கு சார்" என்றான். எங்களுக்கு உயிர் வந்தது. பிறகு கொஞ்சம் இருமினான்.

"உள்ளபடிக்குச் சொன்னா, இது நான் சொல்றதில்ல சார். அந்தா, ஜன்னல்ல நிக்கிறாகள்ல ரெண்டு பேரு, அவுக சொல்லிக் குடுத்தது. எனக்குக் கல்யாணத்துக்கு வேணும் சார்."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். நாங்களும் அந்த வேலைக்கு மனு போட்டவர்கள்தான். மூன்று பேரையும் ஒன்றாக வெளியே அனுப்பினார்கள்.

பஸ் ஸ்டாப்பில் சவரிமுத்து அவனை அடிக்கக் கை ஓங்கினான். "சேசுவே, இவன வச்சுக்கிட்டு என்ன செய்ய!"

"சிரிச்சாருல்லப்பா, கவனிச்சியா?" என்றான் உள்ளபடி.

வீரபாண்டியில் கொடியேறிவிட்டது. திருவிழா முடிய இன்னும் நான்கு நாள்.

அப்போது சின்னமனூர் ரோட்டில் புதிதாக ஒரு எடைமேடை போட்டிருந்தார்கள். லாரியை மேடையில் ஏற்றினால் பக்கத்து அறையில் பெட்டியில் கிலோ விழும். அதைப் பார்த்துச் சீட்டு எழுத ஓர் ஆள் வேண்டும். முதலாளி பெரிய உடம்புக்காரர். கேள்வியே கேட்கவில்லை. எங்களை ஒவ்வொருவராக அறையில் உட்காரச் சொல்லிவிட்டு, அவரே மேடையில் ஏறி நின்றார்.

"எம்புட்டுக் காட்டுது?"

பெட்டியில் நூற்றுப்பத்து. வேலை கொடுக்கப் போகிற மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? "எண்பத்தஞ்சு சார்" என்றேன். சவரிமுத்து "எழுபது சார். காத்தடிச்சா அதுவும் கொறையும்" என்றான்.

உள்ளபடி உட்கார்ந்தான்.

"நூத்திப்பத்து காட்டுது சார்."

முதலாளி முகம் சுருங்கியது. நான் செல்வியை நினைத்துக்கொண்டேன்.

"ஆனா உள்ளபடிக்குச் சொன்னா, நீங்க நூறுதேன். நீங்க ஏறுறதுக்கு முன்னாடியே பெட்டியில பத்து நின்னுச்சு. மேடையில சகதி அப்பிக் கெடக்கு. கழுவி விட்டு ஏறிப் பாருங்க."

முதலாளி கீழே இறங்கினார். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளச் சொன்னார். மறுபடி ஏறினார். நூறு. போன வாரம் மதுரை டாக்டர் சொன்னதும் நூறுதானாம்.

"ஏப்பா, கூடுனதையும் சொல்ற, கொறைஞ்சதையும் சொல்ற. இன்னைக்கே ஒக்காந்துர்றியா?"

"இன்னைக்கு வேணாம் சார். மாமன் வீட்டுக்குப் போய்ச் சொல்லணும். நாளைக்கு வெள்ளன வாறேன்."

மாமன் நம்பவில்லை. "எடை பாக்குறது ஒரு உத்தியோகமாலே?" என்றார். மூன்றாம் நாள் டிராக்டரில் வாழைத்தாரோடு நேரே எடைமேடைக்கு வந்தார். வாங்குகிற வியாபாரியும் கூட இருந்தார். மாமன் ஜன்னலில் தலையை விட்டு, மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சத்தமாகவே சொன்னார்.

"ஏலே, மாமனுக்காக ஒரு இருபது கிலோ ஏத்திப் போடு."

"உங்களுக்கு ஏத்துனா நாளைக்கு ஊரே எனக்கு மாமனாயிரும் மாமா. எனக்கு நீங்க ஒருத்தர் போதும்."

வியாபாரி சிரித்தார். மாமன் சிரிக்கவில்லை. சீட்டை இரண்டு தடவை பார்த்தார். சட்டைப் பையில் வைத்தார். டிராக்டரில் ஏறி உட்கார்ந்து, "வைகாசியில நல்ல நாள் இருக்கான்னு பாக்கணும்" என்று டிரைவரிடம் சொன்னார்.

வியாபாரி வாய் சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் பேச்சாகிவிட்டது. வண்டியெல்லாம் அவன் மேடைக்கே வந்தது.

அந்த வருடமே நான் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸுக்கு டிரைவர் வேலை கேட்டுப் போனேன். "விபத்து உண்டா?" என்றார்கள். குமுளி ரோட்டில் ஜீப்பைக் கவிழ்த்ததைச் சொன்னேன். யார் மேல் தப்பு என்றார்கள். என் மேல்தான் என்றேன். எடுத்துக்கொண்டார்கள். இன்றுவரை அதே வேலை.

வைகாசியில் கல்யாணம். தன்னை வேண்டாம் என்று அனுப்பிய முதலாளிகள் ஒவ்வொருவரையும் உள்ளபடி நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தான். "எதுக்குடா?" என்றேன்.

"எல்லாரும் எனக்குப் பழக்கமானவுகதானப்பா. ஒக்கார வச்சுப் பேசியிருக்காக."

ஏலக்காய் மேனேஜர் முதலாளியோடு வந்தார். ஜவுளிக்கடை அம்மா பட்டுச்சேலை கொண்டு வந்தார், நல்ல சேலை. தோட்டத்துக்காரர் ஒரு பெட்டி திராட்சை. மில் அதிகாரி சவரிமுத்துவைப் பார்த்து வணக்கம் வைத்தார். ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள்.

அவர்களுக்குத் தனியாக ஒரு வரிசை போட்டோம். இலை போட்டது நான்தான். என் தம்பி கல்யாணத்தில்கூட நான் இப்படி ஓடியதில்லை. போட்ட இலை பதினொன்று.