டிக்டிக் மாமாவின் கடைவாய்ப் பல்

மட்டாஞ்சேரியில் திருடனாகவே முடியாத ஒரே மனிதர் டிக்டிக் மாமாதான். இதயத்தில் உலோக வால்வு பொருத்தியிருந்தார்கள். அமைதியான அறைக்குள் அவர் நுழைந்தால் டிக் டிக் என்று கேட்கும். பேச ஆரம்பித்தால் கேட்காது. ஆகவே, பெரும்பாலும் கேட்காது.

கொச்சங்காடியில் மிளகுத் தரகர். பக்கத்துச் சுக்குக் கிடங்கில் எனக்கு வேலை. ஒருநாள் அவர் கன்னம் உண்ணியப்பமாக வீங்கியிருந்தது. பல் டாக்டரிடம் மட்டும் வரமாட்டேன் என்றார்.

"பல்லைப் பிடுங்கினா வாயில இருக்கற கிருமி ரத்தத்துல ஏறி வால்வுல போய் உக்காந்துடும்டா. ஹார்ட் டாக்டரே சொன்னார்."

"அதுக்கு முன்னாடியே மருந்து சாப்பிடணும்னும் சொல்லியிருப்பாரே?"

"இருக்கும். கிருமின்னதுமே எனக்குக் காது அடைச்சுடுத்து."

ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். பல் டாக்டர் இளம்பெண். இதய டாக்டரிடம் போனில் பேசி, இரத்தப் பரிசோதனையையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாமா, பென்சிலின் அலர்ஜி உண்டோ?"

"என் மச்சினன் ஒருத்தன்தான் எனக்கு அலர்ஜி."

ஆன்டிபயாட்டிக்கை விழுங்க வைத்து, ஒரு மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் காத்திருப்பு அறை மாநாடாகிவிட்டது. "கேளுங்கோ சேட்டா!" என்று மாமா ஒவ்வொருவர் காதையும் தன் மார்பில் வைத்துக்கொண்டார். கிருமி எப்படிப் பயணம் செய்யும், மருந்து எப்படி வழிமறிக்கும் என்று கையை வீசி விளக்கினார். ஒருவர் பல்வலியையே மறந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்போது உள்ளே பல் பிடுங்கிக்கொள்ள எழுந்த ஒரு சேச்சி, வாசலிலேயே நின்றார்.

"டாக்டரே, எனிக்கும் வால்வு மாற்றியிட்டுண்டு. பல்லுக்கு அது பறயணமென்னு அறிஞ்ஞில்லா."

பல் பிடுங்க அதைச் சொல்ல வேண்டும் என்றே சேச்சிக்குத் தெரியாதாம். டாக்டர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். சேச்சியின் இதய டாக்டருக்கும் போன் போனது. சேச்சிக்கும் மருந்து கொடுத்து உட்கார வைத்தார்கள். "நல்லவேளை, மாமா!" என்றார் டாக்டர்.

அதன்பின் மாமா நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். பல் பிடுங்கும் நாற்காலியில் மகாராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தார். பல் வந்தது. சேச்சியின் பல்லும் வந்தது. இருவருக்கும் பின்னால் ஒரு காய்ச்சலும் வரவில்லை.

திரும்பும் ஆட்டோவில் மாமாவின் வாய் நிறையப் பஞ்சு. வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.