நீல ஒளிக் கட்டுப்பாட்டு மையம்

மனிதகுல வரலாற்றை மூன்று யுகங்களாகப் பிரிக்கலாம். நெருப்பைக் கண்டுபிடிப்பதற்கு முன், நெருப்பைக் கண்டுபிடித்த பின், தூத்துக்குடி ஆழிமுத்து ஷிப்பிங் ஏஜென்சியின் இரண்டாவது மாடியில் நீல விளக்கு மாட்டிய பின். மூன்றாவது யுகம் ஒரு திங்கட்கிழமை காலை பிறந்தது. பெற்றவள் பிலோமி. அவளுக்கே அது தெரியாது.

புன்னைக்காயலிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, கப்பலேறும் சரக்குக்கு ஆவணங்கள் தயார் செய்கிறவள் அவள். அன்று காய்ச்சலில் படுத்தபடியே மேனேஜர் தளவாய்க்குப் போன் போட்டாள். சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் குடிப்பதில்லை, போகவேண்டிய நேரத்தில் போவதில்லை என்று திட்டியும் இருந்தார். போவதென்றால் எங்கே போவது? ஆபீஸ் கழிப்பறைக்குத் தண்ணீர் நின்று பல மாதம் ஆகிறது. ஆண்களுக்குக் கன்டெய்னர் யார்டுச் சுவர் இருக்கிறது. பெண்களுக்கு மன உறுதி இருக்கிறது.

"சார், கிருமித் தொற்று சார். லீவு வேணும்."

"எங்க?" என்றார் தளவாய்.

பிலோமிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஆபீஸாலதான் சார் வந்துச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஒரு பெண் ஊழியரின் கூச்சத்திலிருந்து ஒரு விஞ்ஞானப் புரட்சி பிறப்பது இப்படித்தான். 'ஆபீஸில் கிருமி!' தளவாய் சாதாரண மேனேஜரென்றால் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டிருப்பார். அவர் மில்லர்புரத்தில் கிருமி கொல்லும் விளக்கு விற்கும் ஜெஸ்டினைக் கூப்பிட்டார்.

பிலோமி குணமாகி வந்தபோது ஜெஸ்டின் ஏணி மேல் நின்றிருந்தான். விளக்கைப் பற்றி அவன் ஒளிக்காமல்தான் சொன்னான்.

"கண்ணுக்குத் தெரியுத நீல வெளிச்சம் சார். ஆள் இருக்கும்போதே எரியலாம். ஆனா மெதுவாத்தான் வேல செய்யும். வெளிச்சம் படுத இடத்துல மட்டும்தான். மேசையத் துடைக்கணும், கைய சோப்புப் போட்டுக் கழுவணும். இதெல்லாம் இருந்தா அதுக்கு மேல இது."

சோப்பு என்ற சொல் தளவாயின் ஒரு காதில் நுழைந்து மறு காதுக்குக்கூடப் போகவில்லை. 'வெளிச்சம் படுத இடத்துல மட்டும்' என்பதுதான் அவரை ஆட்டிவைத்தது. அப்படியானால் கிருமியின் புகலிடம் எது? நிழல்! மாலைக்குள் சுற்றறிக்கை வந்தது: "பணியாளர்கள் அலுவலக நேரத்தில் நிழல் விழாவண்ணம் பணியாற்றக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

அலுவலகத்திலேயே பருத்த உடம்பு வில்பிரட் அண்ணாச்சிக்கு. அவர் எழுந்து நின்றால் இரண்டு மேசைக்குக் கிரகணம்.

"ஏலே ஜெஸ்டின், நெழல வீட்டுல வச்சுட்டு வரச் சொல்லுதாரு. பூட்டி வைக்கணுமா, சும்மா வைக்கலாமா?"

"நான் அப்படிச் சொல்லல அண்ணாச்சி."

"கடல்ல லைட்டப் போட்டா கணவாய் மீனு கூட்டங்கூட்டமா வந்து மொய்க்கும். இங்கன போட்டா கிருமி மட்டும் ஓடிருமாக்கும்?"

"அது கணவாய்க்கு உள்ள லைட்டு. இது கிருமிக்கு உள்ளது."

"அப்ப மேனேஜருக்கு உள்ளது எப்பம்லே வரும்?"

டீ கொண்டுவந்த ரோஸ் அக்கா, நீலத்தில் முங்கிக் கிடந்த ஹாலைப் பார்த்ததும் தட்டோடு சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதா கோயிலு திருவிழாவுக்குக் கொடி ஏறிட்டா?"

விளக்குகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று உண்டு. அதற்கு ஓர் அறை தேவைப்பட்டது. "பயன்பாட்டில் இல்லாத அறை" ஏதும் உண்டா என்று தளவாய் ஆராய்ந்தார். ஒன்றே ஒன்று இருந்தது.

"சார், அது லேடீஸ் டாய்லெட்டு" என்றாள் பிலோமி.

"யாராவது போறியளா?"

"தண்ணி இல்லையே சார். எப்படிப் போக?"

"அதைத்தாம்மா நானும் சொல்லுதேன். பயன்பாட்டில் இல்ல!" என்றார் தளவாய், வழக்கில் ஜெயித்த வக்கீலைப் போல. "தண்ணி தேங்குனா கிருமி வரும். விஞ்ஞானம் எங்கயோ போயிட்டு. நீ இன்னும் குழாயிலயே நிக்கியே."

பீங்கான் மேல் பலகை போட்டு, பலகை மேல் பெட்டி ஏறியது. கதவில் பலகை தொங்கியது: 'நீல ஒளிக் கட்டுப்பாட்டு மையம். உட்செல்லத் தடை.' பிலோமி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். டாக்டர் முகம் ஞாபகம் வந்தது. கதவைப் பார்த்தாள். தண்ணீரை ஜன்னலோரக் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றினாள். அந்த ஆபீஸில் செழிப்பாக இருந்தது அந்தச் செடி ஒன்றுதான்.

திறப்பு விழாவுக்குச் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் அனுஜா வந்தார். விமானம் தாமதம். இறங்கியதும் ஓர் இளநீர், மாடியேறியதும் இன்னோர் இளநீர் என்று தளவாய் விருந்தோம்பலில் குறை வைக்கவில்லை. கட்டுப்பாட்டு மையத்தின் கதவில் கட்டிய ரிப்பனை மேடம் வெட்டி, பக்கத்துச் சுவரிலிருந்த சுவிட்சை அழுத்தினார். கைதட்டல். எல்லார் முகமும் நீலம்.

தளவாய் மைக் பிடித்தார். "இங்கே பணியாற்றும் மகளிரைப் பாருங்கள்! காலையில் இருக்கையில் அமர்ந்தால் மாலைவரை எழுந்திருப்பதில்லை. இடையில் எங்கும் போவதில்லை. அப்படி ஓர் அடக்கம்! கிருமியை முதலில் அறிவித்த பிலோமி இப்போது இரண்டு வார்த்தை பேசுவார்."

பிலோமி மைக் முன்னால் வந்து நின்றாள். அன்று போனில் விழுங்கிய வார்த்தைகள் தொண்டைவரை வந்து நின்றன. அந்த நேரம் பார்த்து, சற்று நேரமாகவே காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்த டைரக்டர் மேடம் எழுந்து வந்து அவள் காதோரம் குனிந்தார். மைக் அணைந்திருக்கவில்லை.

"ஏம்மா, இங்க ரெஸ்ட்ரூம் எங்க இருக்கு?"

ஒலிபெருக்கி அந்தக் கேள்வியை ஹால் முழுக்கக் கேட்டது.

'எங்க?' அதே கேள்விதான். இந்தத் தடவை பிலோமியின் நாக்கு ஒட்டவில்லை.

"இப்ப ரிப்பன் வெட்டுனீங்களே மேடம், அதுதான்."

நீல வெளிச்சத்திலும் ஒரு முகம் வெளிறும் என்பது அன்று நிரூபணமானது. தளவாய் பாய்ந்து வந்தார். "ஒரு கிருமி கிடையாது மேடம்! வேணும்னா பெட்டிய எறக்கிருதோம்!"

"தண்ணியும் கிடையாது மேடம்" என்றாள் பிலோமி.

அனுஜா மேடம் இரண்டு கைகளாலும் மேடை மேசையைப் பற்றிக்கொண்டார். "அப்போ... நீங்கள்லாம் என்னதாம்மா பண்றீங்க?"

பிலோமி மைக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இப்ப சார் பாராட்டுனாங்களே மேடம், அடக்கம்னு. அதத்தான். காலையிலேர்ந்து அடக்கிக்கிட்டு இருக்கோம்."