ஃபிலோ அக்காவை உள்ளே வைத்துப் பூட்டிய கதை

விரல் வைத்தால் திறக்கும் கதவுகளை மாட்டுவதுதான் என் தொழில். கப்பல் ஏஜென்ட் ஆபீஸ், மீன் கம்பெனி, கண் ஆஸ்பத்திரி என்று தூத்துக்குடியில் நான் மாட்டிய கதவுகள் நிறைய இருக்கின்றன. புதிதாக வேலை கொடுக்க வருகிறவர்கள், "மேடம், நீங்க முதல்ல செஞ்ச வேலை எது?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். எனக்கு உடனே இருமல் வந்துவிடும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு சிசிடிவி கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கதவு வேலையெல்லாம் செல்வின் அண்ணன் பார்ப்பார். ஒரு கதவுக்கு அவருக்கு முழு நாள் வேண்டும். முதலில் கதவைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்ப்பார். அப்புறம் டீ குடிப்பார். அப்புறம் சுவரைத் தட்டுவார். "மூணு வயரு, நாலு ஸ்க்ரூ. இதுக்கு ஒரு நாளா?" என்று நான் கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டிருப்பேன். (வாய் என்றால் அப்படி ஒரு வாய். இன்னும் முழுதாகக் குறையவில்லை என்பது என் கணவரின் கட்சி.)

செல்வின் அண்ணன் வேம்பார் உப்பளத்தில் கேமரா மாட்டப் போயிருந்த ஒரு நாளில், சூசை அண்ணாச்சி எங்கள் கடைக்குள் வேகமாக நுழைந்தார். மக்ரூன் பேக்கரி வைத்திருப்பவர்.

"எங்கிட்ட வேலை பாத்த பய எதுத்தாப்புலயே கடை போட்டுட்டான். மக்ரூனுக்கு எது எம்புட்டுங்கிற அளவு, எங்க அப்பா சாகும்போது என் காதுல மட்டும் சொன்னது. வெளிய போச்சுன்னா என் பொழப்பு போச்சு. அடுப்பு ரூமுக்கு இன்னைக்கே பூட்டு மாட்டணும்."

"செல்வின் நாளைக்குத்தான் வருவான், அண்ணாச்சி" என்றார் என் முதலாளி.

"நான் போறேன் சார்" என்றேன் நான். முதலாளி என்னைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு ஏதோ தைரியத்தில் தலையை ஆட்டிவிட்டார். பாவம்.

அடுப்பு அறைக்கு ஒரே கதவு. பின்பக்கச் சந்துப் பக்கமாக, கம்பி போட்ட ஒரு சன்னல். உள்ளே அண்ணாச்சியின் மனைவி ஃபிலோ அக்கா முழங்கை வரை வெள்ளையாக நின்று முட்டை வெள்ளைக்கருவை அடித்துக்கொண்டிருந்தார்.

"நீ பாட்டுக்கு ஒன் வேலையப் பாருளா. நான் பாட்டுக்கு என் வேலையப் பாக்கேன்" என்றார்.

அளவு அண்ணாச்சிக்கு மட்டும்தான் தெரியும் என்றால், அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருக்க, அக்கா உள்ளே என்ன செய்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் துளை போடுவதில் மும்முரமாக இருந்தேன்.

மதியத்துக்குள் கதவு நிலையில் மேக்னட் லாக், அதாவது கரண்டு இருக்கும்வரை கதவைப் பிடித்து வைக்கும் காந்தம், ஏறிவிட்டது. வெளிச்சுவரில் விரல் வைக்கும் மெஷின். உள்சுவரில் பேட்டரியோடு கூடிய பவர் பெட்டி. உள்ளே இருப்பவர் அழுத்தி வெளியே வருகிற சுவிட்ச் ஒன்றுதான் பாக்கி. அதைச் சாப்பிட்டுவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சோதனைக்காக முதலில் என் கட்டை விரலைப் பதித்தேன். அடுத்து அண்ணாச்சியின் விரல். ஒரே தடவையில் ஏறியது. முப்பது வருஷம் அடுப்பில் வெந்த கை என்று சொல்லிக்கொண்டே நீட்டினார். தொட்டால் இடியாப்பம் மாதிரி இருந்தது. அக்காவின் விரல் மட்டும் எத்தனை தடவை வைத்தும் ஏறவில்லை. சூடான தட்டுகளைப் பிடித்துப் பிடித்து ரேகையே தேய்ந்திருந்தது.

"அவளுக்கு எதுக்கு? வேணும்னா நான் திறந்து விடுதேன்" என்றார் அண்ணாச்சி பெருந்தன்மையாக.

என் விரலை மட்டும் அழித்துவிடலாம் என்று மெஷினை அழுத்தினேன். அது ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. எஸ் என்று அழுத்தினேன். எல்லோரையும் அழிக்கவா என்று கேட்டிருக்கிறது. டிப்ளமோ படித்த பெண் அதை வாசித்திருக்கலாம்தான்.

கடைக்கு வந்தவர்களையெல்லாம் கூட்டி நிறுத்திவிட்டு, எதிர்க்கடைக்குக் கேட்கிற சத்தத்தில் அண்ணாச்சி கேட்டார். "கரண்டு போச்சுன்னா?"

"போகட்டும் அண்ணாச்சி. எட்டு மணி நேரத்துக்கு ஆனை வந்து தள்ளினாலும் திறக்காது!"

கைதட்டினார்கள். நான் கதவைச் சாத்தினேன். டக்.

அண்ணாச்சி விரலை வைத்தார். "ப்ளீஸ் ட்ரை அகைன்" என்றது மெஷினுக்குள் இருந்த பெண் குரல். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். "ப்ளீஸ் ட்ரை அகைன்." பத்து விரலையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். கடைசியில் மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து, தணிந்த குரலில், "நாந்தாம்மா... சூசை" என்றார்.

அப்போது உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஏளா, கதவு என்ன இப்படிப் பிடிச்சுக்கிட்டு?"

அக்கா எப்போது மறுபடி உள்ளே போனார் என்று நான் கவனிக்கவே இல்லை. "அக்கா! உள்ளயா இருக்கீங்க?"

"பொறவு எங்கன இருப்பேன்? இங்க ஒரு பொட்டியில பச்சை லைட்டு மினுங்குது. அதை அமத்தவா?"

"ஐயோ, அதைத் தொடாதீங்க அக்கா! ஷாக் அடிச்சிரும்!" என்று ஒரு நிபுணரின் பதற்றத்தோடு கத்தினேன்.

விஷயம் என்னவென்றால், அன்று ஒரு கல்யாண வீட்டுக்கு முந்நூறு டப்பா மக்ரூன் போக வேண்டும். மூன்று மணிக்கு வேன். சுட்ட மக்ரூன் எல்லாம் உள்ளே. காலி டப்பாக்கள் எல்லாம் வெளியே. நடுவில் என் கதவு.

அண்ணாச்சி ஓடிப்போய் மெயினை அணைத்தார். பூட்டு அசையவில்லை. ஆனால் உள்ளே முட்டை அடிக்கிற மெஷின் நின்றுவிட்டது.

"எவம்ல கரண்ட அமத்துனது? நொரை இறங்கிச்சுன்னா அம்புட்டும் தண்ணிலா!"

அண்ணாச்சி பாய்ந்து மெயினைப் போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு அவரும், முன்னாடியே வந்துவிட்ட வேன் டிரைவரும் தோளைக் கொடுத்து மோதினார்கள். கதவு இம்மியும் நகரவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்த அந்த நேரத்திலும், நன்றாகத்தான் மாட்டியிருக்கிறேன் என்று மனதின் ஓர் ஓரத்தில் பெருமையாக இருந்தது. (வெட்கமில்லாமல் சொல்கிறேன்.)

மெஷினில் புதிதாக விரலைப் பதிக்கப் பார்த்தால் அது ரகசிய எண் கேட்டது; பதற்றத்தில் மூன்று தடவை தப்பாகத் தட்டியதில் அதுவும் பூட்டிக்கொண்டது. செல்வின் அண்ணனுக்குப் பதினான்கு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை.

கடைசியில் வழி சொன்னது உள்ளே இருந்தவர்தான். "எல்லாரும் பின்னால சந்துக்கு வாங்க. சன்னல் இருக்குலா!"

சன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கை மக்ரூன் தாராளமாக நுழைந்தது. அக்கா உள்ளிருந்து நீட்ட, நான் வாங்கி டப்பாவில் போட்டேன். சந்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி எண்ணினாள், ஒருத்தி மூடினாள், ஒருத்தி ரப்பர் பேண்ட் போட்டாள். உடைந்ததெல்லாம் வேலைக்குக் கூலியாக வாயில் போனது. அரைமணி நேரத்தில் அந்தச் சந்து கல்யாண வீட்டையே மிஞ்சிவிட்டது.

"அக்கா, இதை எப்படித்தான் செய்யுதீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

அக்காவுக்கும் பொழுது போக வேண்டாமா? நிதானமாக ஆரம்பித்தார். முந்திரியை எத்தனை நாள் வெயிலில் காயவைப்பது, சீனியை ஏன் மூன்று தடவையாகப் போடுவது, நுரை பதம் வந்ததா என்று சட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பது எப்படி என்று, நிறுத்தி நிறுத்தி, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். அண்ணாச்சி சந்து முனையில் வந்து நின்றபோது, எதிர்க்கடைக்காரன் முதல் வரிசையில் கால்மடித்து உட்கார்ந்து ஒரு டப்பாவை மூடிக்கொண்டிருந்தான்.

"அப்போ அண்ணாச்சியோட அப்பா காதுல சொன்ன ரகசியம்?" என்று கேட்டது வேன் டிரைவர்.

"அவியளா? 'தண்ணி குடு'ன்னு கேட்டாவ. நான்லா பக்கத்துல நின்னேன்" என்றார் அக்கா.

சந்து முழுக்கச் சிரித்தது. அண்ணாச்சி ஒரு கணம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அப்போதுதான் செல்வின் அண்ணன் திரும்ப அழைத்தார். கேமரா கம்பத்தின் உச்சியில் இருந்தாராம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பவர் பொட்டி எங்கன இருக்கு?"

"உள்ள."

"அந்த அக்கா?"

"அவங்களும் உள்ளதான்."

"பிளக்கப் புடுங்கிட்டு, பொட்டியத் திறந்து பேட்டரி வயரக் கழட்டச் சொல்லு."

"ஷாக் அடிக்காதா அண்ணே?"

"பன்னெண்டு வோல்ட்டு, ஜெசி. எறும்புகூடச் சாகாது."

சன்னல் வழியாகச் சொன்னேன். ஓர் அருள்நிறை மரியே செபம் சொல்லி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கதவு தானாகத் திறந்துகொண்டது. ஃபிலோ அக்கா கையைத் துடைத்தபடி வெளியே வந்து என் எதிரில் நின்றார்.

"அதைத்தானளா நான் அப்பவே கேட்டேன்?"

நான் அழ வாயைத் திறந்தேன். அதில் ஒரு மக்ரூனைப் போட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார். முந்நூறு டப்பாவும் மூன்று மணி வேனிலேயே போய்ச் சேர்ந்தன.

மறுநாள் செல்வின் அண்ணன் வந்து வேலையை முடித்தார். பூட்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்டதற்கு அக்கா ஒப்பவில்லை. "இருக்கட்டும். இவிய வந்து வந்து பேச்சுக் குடுக்காம, நிம்மதியா வேலை நடக்கும்லா" என்று சொல்லி, விரலுக்குப் பதில் காட்டித் திறக்கிற கார்டு ஒன்றைத் தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். அண்ணாச்சி இன்றும் கதவைத் தட்டித்தான் உள்ளே போகிறார். எதிர்க்கடைக்காரன் அந்தச் செய்முறையை அப்படியே செய்து பார்த்தானாம், அப்பளமாக வந்தது. இப்போது அக்காவிடம் மொத்தமாக வாங்கி விற்கிறான்.

சந்தில் ரப்பர் பேண்ட் போட்டவள் என் சித்தியின் சிநேகிதி என்பது எனக்கு அன்று தெரியாது. நான் பஸ் பிடித்து முத்தையாபுரம் வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அப்பா வாசலில் நின்று, "கதவு திறந்துதான்மா இருக்கு. பயப்படாம வா" என்றார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் நான் எந்த அறைக் கதவைச் சாத்தினாலும், யாராவது ஒருவர் சன்னல் பக்கம் வந்து தின்பதற்கு எதையாவது நீட்டுவது வழக்கமாகிவிட்டது. கல்யாணத்தன்று நான் புடவை மாற்றப் போன அறையின் சன்னலுக்குள் மாமா ஒரு முறுக்கை நீட்டினார். என் மகளுக்கு நான்கு வயது. அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. வீட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெரிய கம்பெனி மேனேஜரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். கதவுக்கு அடியில் மெதுவாக ஒரு பிஸ்கட் உள்ளே வந்தது. சன்னல் அவளுக்கு எட்டாது.