தோழர் ஏறிய கூடை

ஷெகுவேக்கு இழைக்கப்பட்ட அநியாயங்கள் நான்கு. அவற்றை அவர் வரிசை மாறாமல்தான் சொல்வார். வரிசை மாறினால் வரலாறே கெட்டுவிடும் என்பது அவர் கட்சி.

முதல் அநியாயம், லாமு தீவின் படகுத்துறையில் சுமை தூக்குகிறவர்களின் வேலைநிறுத்தம். பதினோரு நாள் நடந்தது. விசில் ஊதியவர் அவர். அடி வாங்கியவரும் அவர். பன்னிரண்டாம் நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவனோ, பதினோரு நாளும் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தவன்.

இரண்டாவது, மீன்துறைச் சங்கத்தின் தலைவர் தேர்தல். அப்போதெல்லாம் வேட்பாளருக்குப் பின்னால் வரிசையாக நின்றுதான் வாக்களிக்க வேண்டும். எதிராளியின் வரிசையை முதலில் எண்ணினார்கள். ஷெகுவேயின் வரிசைக்கு வரும்போது நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அவருடைய ஆட்கள் தொழுகை தவறாதவர்கள். பள்ளிவாசலுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் எண்ணிக்கை முடிந்துவிட்டது. வரிசையில் மிச்சம் இருந்தது இரண்டு பேரும் ஒரு கழுதையும். கழுதையை எண்ண மறுத்துவிட்டார்கள்.

மூன்றாவது, அதற்கடுத்த தேர்தல். எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. ஷெகுவே ஒன்றரை மணி நேரம் நன்றியுரை ஆற்றினார். அவர் தண்ணீர் குடித்து உட்கார்ந்த பிறகுதான் சங்கத்து எழுத்தர் எழுந்து, "போட்டி இல்லாத தேர்தல் செல்லாது" என்ற விதியை வாசித்தார். பழைய தலைவரே தொடர்ந்தார்.

நான்காவது, போன திங்கட்கிழமை. கவர்னர் அவருக்கென்று வைத்திருந்த வஞ்சிரத் தலையைத் தின்றுவிட்டு, அவருடைய துண்டுப் பிரசுரக் கட்டின்மேல் படுத்து ஏப்பம் விட்டது.

கவர்னர் என்பது பூனை.

லாமுவின் சந்துகளில் பூனைக்குப் பஞ்சமில்லை. அவற்றில் மூன்று, ஷெகுவேயின் வீட்டைத் தாங்களாகத் தேர்ந்தெடுத்துக் குடிவந்தவை. பெயர் வைத்தவர் ஷெகுவே. செம்பட்டை நிறத்தில் பெருத்திருப்பது கவர்னர். கேட்காமல் எடுக்கும், எடுத்ததைத் திருப்பித் தராது. சாம்பல் நிறத்து மெலிந்த பெண் பூனை தியாகி. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் பட்டினி கிடந்தே செத்தாலும் சாப்பிடாது. கறுப்பு தோழர். கொடுத்ததை வாங்காது, கூப்பிட்டால் வராது, தடவினால் முறைக்கும். ஷெகுவேக்கு அதன்மேல் தனி மரியாதை. "கொள்கைப் பிடிப்புள்ள பூனை" என்பார்.

வஞ்சிரத் தலை போன அன்றே அவர் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். இனி இந்த வீட்டில் சமத்துவம்.

"பசி மூணுக்கும் ஒண்ணுதான், ஜைத்தூனி. அதனால தட்டும் ஒண்ணு, அளவும் ஒண்ணு, நேரமும் ஒண்ணு."

அவர் மனைவி ஜைத்தூனி மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். படகுத்துறையில் மீன் பொரித்து விற்கிறவள். அங்கே அடுப்பு வைத்திருக்கும் ஒன்பது பெண்களில் மூத்தவள்.

"பசி ஒண்ணுதாங்க. பூனைதான் மூணு."

"முதலாளியும் இப்படித்தான் சொன்னான். ஆளைப் பார்த்துக் கூலின்னு."

"நான் கூலியைச் சொல்லலை. சோத்தைச் சொல்றேன்."

"இத்தனை நாள் நீ எப்படிப் போட்ட?"

"கவர்னருக்கு முதல்ல போடணும், கொஞ்சமா. வாய் தட்டுல இருந்தா அடுத்தவன் தட்டு அதுக்குத் தெரியாது. தியாகிக்குத் தண்ணிப் பானைக்குப் பின்னால வச்சிட்டு, நம்ம பாட்டுக்குப் போயிடணும். சாப்பிட்டியான்னு திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது."

"தோழருக்கு?"

"அதுக்கு நான் எதையும் கொடுக்கறதே இல்லை. கொடுத்தா எடுக்காதே."

"அப்ப எப்படி உயிரோட இருக்கு?"

"மூடி வைப்பேன்," என்றாள் ஜைத்தூனி.

ஷெகுவே சிரித்தார். நாற்பது ஆண்டுகள் பிரசுரம் படித்தவருக்கு இதெல்லாம் சமையலறை அரசியல்.

மறுநாள் காலை முற்றத்தில் மூன்று தட்டுகள் ஒரே நேர்கோட்டில் இருந்தன. ஷெகுவே வேலைநிறுத்தக் காலத்து விசிலை எடுத்து ஊதினார். கவர்னர் தன் தட்டைக் காலி செய்தது, தியாகியின் தட்டைக் காலி செய்தது, தோழரின் தட்டை நக்கியது. தியாகி விசில் சத்தத்துக்கே உத்தரத்தில் ஏறியது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்தும் இறங்கவில்லை. தோழர் தட்டைப் பார்த்தது, ஷெகுவேயைப் பார்த்தது, பிறகு சுவரேறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே அதை விரட்டினார்கள். அதனால் அங்கேயே சாப்பிட்டது.

இரண்டாம் நாள் அவர் தட்டுகளுக்கு நடுவில் கம்போடு உட்கார்ந்தார். கவர்னர் கம்பை மோந்து பார்த்துவிட்டு மேலே ஏறித் தாண்டியது.

"சமத்துவம் எப்படிங்க போகுது?"

"மாறுதல் காலம். ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்."

"மாறுதல் முடியறதுக்குள்ள தியாகியை இறக்கி விடுங்க. ரெண்டு நாளா உத்தரத்துலயே இருக்கு."

புதன்கிழமை, கால்நடை மருத்துவர் கடற்கரையில் பூனைகளுக்கு ஊசி போட வந்திருந்தார். தோழரை ஓலைக் கூடைக்குள் ஏற்றும் பொறுப்பை ஷெகுவே ஏற்றுக்கொண்டார். முதலில் பேசிப் பார்த்தார். ஊசி ஏன் அவசியம் என்று காரணங்களோடு விளக்கினார். பிறகு தூக்கிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அவருடைய இரண்டு கையிலும் மூன்று மூன்று கோடு. கைலி ஓரிடத்தில் கிழிந்திருந்தது. தோழர் அலமாரிமேல் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

ஜைத்தூனி வந்தாள். கூடையைச் சுவரோரம் இழுத்தாள், மூடியைப் போட்டாள், மூடிமேல் உட்கார்ந்தாள். பூனை இருந்த பக்கம் முகத்தையே திருப்பவில்லை.

"இதுக்குள்ள யாரும் வரக் கூடாது," என்றாள் சுவரைப் பார்த்து. "இது யாருக்கும் இல்லை."

தோழர் நக்குவதை நிறுத்தியது. அலமாரியிலிருந்து இறங்கியது. கூடையைச் சுற்றி வந்து ஓலையைப் பிராண்டியது. ஜைத்தூனி காலால் தள்ளினாள். அது கத்தியது. மறுபடியும் தள்ளினாள். அவள் லேசாக எழுந்ததும் இடைவெளியில் தலையை நுழைத்து, தோளை நுழைத்து, ஜெயித்துவிட்ட முகத்தோடு கூடைக்குள் விழுந்தது. அவள் மூடியைப் போட்டுக் கட்டினாள்.

ஷெகுவேக்கு அவமானமாக இருந்தது. தோழர்மேல் வைத்திருந்த மதிப்பு கொஞ்சம் இறங்கியது.

"இவ்வளவு பெரிய மிருகம், இந்தச் சின்ன விஷயம் புரியலையே," என்றார்.

"உள்ள இருக்கிறதுக்குத் தெரியாதுங்க," என்று சொல்லிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள்.

அந்த வாரமே சங்கத் தலைவர் மொம்பாசாவிலுள்ள மகள் வீட்டோடு போய்விட்டார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு தேர்தல் என்று அறிவித்தார்கள். ஷெகுவேக்கு எழுபத்தொரு வயது. இதை விட்டால் இனி ஒரு தேர்தல் அவருக்கு இல்லை. அவர் பெயரை யாரும் எதிர்க்கவில்லை. வியாழக்கிழமை நண்பகல்வரை வேறு ஒருவரும் மனு கொடுக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயம். மூன்றாவது அநியாயம் மறுபடியும் வாசல் வரை வந்து நின்றது.

போட்டி வேண்டும். தோற்கிற போட்டியாளர் வேண்டும். நிச்சயமாகத் தோற்கிற ஆள் யார் என்று யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"ஜைத்தூனி, நீ தேர்தல்ல நிக்கிற."

"நானா? மாட்டேன்."

"பேருக்குத்தான். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"பேருக்குக்கூட மாட்டேன். அடுப்பை யாரு பார்க்கறது? பொம்பளை தலைவரா நின்னான்னு இந்த ஊரு எத்தனை நாள் பேசும்?"

ஷெகுவே நிமிர்ந்தார். "பொம்பளைன்னா என்ன? யாருகிட்ட பேசற நீ? பெண் உரிமையைப் பத்தி நான் எழுதின பிரசுரம் ரெண்டாம் பதிப்பு வந்தது."

"வரட்டும். என் பேரு அந்தக் காகிதத்துல வரக் கூடாது."

"வரும்."

"வரவே கூடாது."

அவள் மனுப் படிவத்தை எடுத்து மரப்பெட்டிக்குள் போட்டாள், பெட்டியை மூடினாள், அதன்மேல் உட்கார்ந்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஷெகுவேக்கு ரத்தம் ஏறியது. வேலைநிறுத்தக் காலத்து ரத்தம். பெட்டியைச் சுற்றி வந்தார். ஒரு பக்கம் இழுத்தார். அவள் காலால் தள்ளினாள். அவர் குரலை உயர்த்தினார். சமத்துவம், சட்டம், எதிர்காலத் தலைமுறை எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் அவள் அலுத்துப்போனவள்போல் லேசாக எழுந்தாள். அவர் கையை உள்ளே விட்டுப் படிவத்தை உருவி, அவள் பெயரைத் தகப்பனார் பெயரோடு சேர்த்துத் தானே எழுதி, முன்மொழிபவர் என்ற இடத்தில் தானே கையெழுத்திட்டு, ஓட்டமாக ஓடிப்போய் எழுத்தரிடம் கொடுத்தார். ஜெயித்துவிட்ட முகத்தோடு திரும்பி வந்தார்.

அலமாரிமேல் இருந்த தோழர் அவரை ஒரு மாதிரி பார்த்தது.

அன்று மாலை அவர் பிரசாரத்துக்குப் போனார். அடுப்புக்காரப் பெண்களையும் சேர்த்துச் சங்கத்தில் முப்பத்தொரு பேர். அவர்களுடைய ஒரே கவலை ஐஸ். ஐஸ் கொட்டகையின் சாவி தலைவர் கையில்தான் இருக்கும். பெரிய படகுக்காரர்கள் முதலில் அள்ளிக்கொள்வார்கள், சின்ன ஆட்களின் மீன் வெயிலில் நாறும். ஷெகுவே எல்லாருக்கும் "ஐஸும் அடிமைத்தனமும்" என்ற ஒரே உரையை, ஒரே நீளத்தில், ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் ஆற்றினார். யாரும் பாரபட்சம் என்று சொல்ல முடியாது.

வழியில் ஜைத்தூனியின் அடுப்பைக் கடந்து போனார். பெரிய படகுக்காரர் கொம்போ அங்கே நின்றிருந்தார்.

"உங்க படகுக்குத்தான் முதல் ஐஸ், கொம்போ அண்ணே," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு பெட்டி. ஆனா முதல் பெட்டி."

"முதல்ல கிடைச்சா போதும்மா," என்றார் கொம்போ.

வலை பின்னுகிறவர்கள் கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள். அவர்களுடைய கூடாரத்துக்குப் பின்னால் ஒரு காலி ஐஸ் பெட்டியை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அவள் போவதையும் ஷெகுவே பார்த்தார். கழுதைக்காரர்களின் மூப்பன் பகவா, யாரிடமும் கைநீட்டாத வீறாப்புக்காரன். அவனிடம் அவள் பேசியது காற்றில் வந்தது.

"கழுதைக்காரங்களுக்கு எதுக்கு ஐஸ்? உங்களுக்கு ஐஸ் கிடையாது பகவா, ஆசைப்படாத."

"ஏன் கிடையாது? நாங்க மனுஷன் இல்லையா? இதைக் கேட்காம விடமாட்டேன் அக்கா."

ஷெகுவேக்குச் சிரிப்பு வந்தது. பாவம், இருக்கிற வாக்கையும் விரட்டுகிறாள். தோற்கிறவள் இப்படித்தான் தோற்க வேண்டும். அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை மீன்துறைக் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். இரண்டாவது அநியாயத்துக்குப் பிறகு ஷெகுவே போராடி வாங்கிய விதி இப்போது அமலில் இருந்தது. வரிசை கிடையாது, சீட்டு. ஒவ்வொரு சீட்டையும் மூன்று சாட்சிகள் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்க வேண்டியவர் சங்கத்தின் மூத்த உறுப்பினர். மூத்த உறுப்பினர் அவர்தான். எல்லாரும் தொழுதுவிட்டு வந்திருக்கிறார்களா என்று அவரே இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

முதல் சீட்டைப் பிரித்தார். மனைவியின் பெயர். புன்னகையோடு வாசித்தார். அவளுக்கும் ஒன்று விழட்டும்.

இரண்டாவதும் அவள் பெயர். மூன்றாவது. எட்டாவதில் புன்னகை போனது. பதினைந்தாவதில் குரல் இறங்கியது. "கேட்கலை அண்ணே," என்றான் பகவா பின்னாலிருந்து. இருபதாவது சீட்டைப் பிரிக்கும்போது ஷெகுவேக்கு ஓலைக் கூடை ஞாபகம் வந்தது. மூடி ஞாபகம் வந்தது. மரப்பெட்டியின் மூடியும் ஞாபகம் வந்தது.

முப்பத்தொரு சீட்டில் அவர் பெயர் இருந்தது இரண்டில். ஒன்று அவர் கையெழுத்து. மற்றொன்றில் பொரித்த எண்ணெய்க் கறை இருந்தது, புளி வாசனை வந்தது.

அவர் முன்வரிசையில் இருந்த மனைவியிடம் குனிந்தார். "நீ எனக்கா போட்ட?"

"ஒருத்தரும் போடலைன்னா மூணு நாள் சாப்பிட மாட்டீங்களே," என்றாள் அவள், அவரைப் பார்க்காமல்.

சாட்சிகள் மூவரும் பேனாவோடு காத்திருந்தார்கள். வென்றவர் பெயரை மூத்த உறுப்பினர் ஒரு முறை உரக்க அறிவித்தால்தான் கையெழுத்துப் போடலாம். அதுவும் அவர் எழுதிய விதிதான். ஷெகுவே தொண்டையைச் செருமினார். எழுத்தர் அவசரப்படவில்லை.

"அறிவிக்க வேண்டாங்க," என்றாள் ஜைத்தூனி மெதுவாக. "விட்டுடுங்க. உங்களால முடியாது."

"ஏன் முடியாது?" என்று எழுந்து நின்றார் ஷெகுவே. படகுத்துறையையே பதினோரு நாள் நிறுத்திய குரலில், கடைசி வரிசைக் கழுதைக்காரனுக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"ஜைத்தூனி பின்த்தி பகாரி."