ஸ்கேனரை வென்ற தனகோடி

கேட்காமலேயே உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றித் தரும் மனிதர் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். ஆரணியில் தெருவுக்கு ஒருவர். கூலி வாங்கமாட்டார், டீ மட்டும், நிறைய. "வைரஸே வராது" என்பார். உண்மைதான். வைரஸ் மட்டுமா? பிரிண்டரும் வராது, ஸ்கேனரும் வராது.

எங்கள் தெருக்காரர் பெயர் தனகோடி. போன வாரம் பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் பரிமளாவுக்கு இந்த உபகாரத்தைச் செய்துவிட்டுப் போனார். இன்று பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் ஒரு தறி புது பார்டருக்காகக் காத்து நிற்கிறது. கட்டம் போட்ட டிசைன் தாளை ஸ்கேன் செய்து நாலு மணிக்குள் அனுப்பினால்தான், அதைப் பார்த்துத் தறிக்கான துளை அட்டை அடிப்பவர் அடிப்பார். அப்புறம் அவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுவார், தறி நாலு நாள் சும்மா கிடக்கும். செல்போனில் படம் எடுத்தால் என்ன? ஓரத்துக் கட்டங்கள் வளையும். சேலையில் அன்னம் வாத்தாகிவிடும். அந்த அகலத் தாளுக்கான ஸ்கேனரோ தெருவிலேயே பரிமளாவிடம்தான் உண்டு.

"அண்ணா, செருகி வெச்சிகினு ஒக்காந்திருக்கேன். கம்ப்யூட்டர் கண்டுக்கவே மாட்டேங்குது."

கூப்பிட்டதும் ஓடி வந்த தனகோடியின் முகம் மலர்ந்தது. இந்த வகைக்குக் கோளாறுதான் பண்டிகை. கறுப்புத் திரையைத் திறந்து தட்டினார். "யுஎஸ்பி லிஸ்ட்ல பேர் வருது பாரும்மா! உயிரு இருக்குது."

"உயிரு இருந்து இன்னாண்ணா பண்றது? மணி ரெண்டரை. ஜல்தியா பாருங்க."

கேபிளைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகி, டிரைவர் ஒன்றை இறக்கி, அது ஒத்துவராமல் அதற்கு அண்ணன் ஒன்றை இறக்கி, எங்கோ ஒரு ஜெர்மன்காரர் பதினைந்து வருஷத்துக்கு முன் எழுதிய புலம்பலை உரக்கப் படித்து, "நம்ம பிரச்சினையேதான்!" என்று நெகிழ்ந்து, அவருக்கும் அது தீரவில்லை என்பதைக் கடைசி வரியில் கண்டு, மூன்றாவது டீயும் குடித்து முடித்தபோது, ஸ்கேனர் உறுமியது. விளக்கு நகர்ந்தது. மணி மூன்றே முக்கால்.

"வந்துடுச்சு! பர்மிஷன்தான் பேஜார் பண்ணிகினு இருந்தது."

"தாளை வைக்கட்டுமாண்ணா?"

"இரும்மா. இப்போ ரூட்ல, அதாவது அட்மின் அதிகாரத்துல ஓடுது, அது முறையில்ல. நிரந்தரமா சரி பண்ணிடறேன்."

அப்டேட் கொடுத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பாக்கேஜ்கள் வரிசையில் நின்றன. அவர் கண் அதை விட்டு அகலவில்லை.

"நீங்க நிரந்தரமா பண்ணிகினு இருங்கண்ணா" என்றாள் பரிமளா. ஸ்கேனரைப் பிடுங்கி, தாளோடு அக்குளில் இடுக்கிக்கொண்டு, எதிர்ச்சாரியில் சடையப்பனின் கம்ப்யூட்டர் ஜாதகக் கடைக்கு ஓடினாள். அங்கே தூசி படிந்த பழைய விண்டோஸ். செருகியதும் டிங் என்றது. மூன்று ஐம்பத்தாறுக்கு டிசைன் போய்ச் சேர்ந்தது.

திரும்பி வந்தால் தனகோடி வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

"பத்து நிமிஷமா தேடறேம்மா. இப்போ லிஸ்ட்லயே ஸ்கேனரைக் காணோம்!"

பரிமளா அக்குளைக் காட்டினாள்.

சிரிக்கிறீர்களா? நல்லது. ஆனால் படித்துக்கொண்டே வந்தபோது, "இதுக்குப் போயா? அந்தப் பொண்ணு பேரை ஸ்கேனர் குரூப்ல சேர்த்திருந்தா ஒரே வரியில முடிஞ்சிருக்குமே" என்று உங்கள் உதடு முணுமுணுத்ததா?

அப்படியானால் மன்னிக்கவும். பரிமளாவின் விலாசத்தை உங்களுக்கு நான் தருவதாக இல்லை.