பாதி வெட்டிய தலையோடு பெண் பார்க்கப் போனது

பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. நாம் சொல்வதை யாருமே கேட்பதில்லை என்று புலம்பிக்கொண்டே இருப்பார்கள். எனக்கும் அது முற்றிப்போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோர்ஜ்டவுனில் சில ஆசிரியர்கள் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டுத் தொலைத்தார்கள். அன்றோடு குணமாகிவிட்டது.

நம் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் சின்னப் பயிற்சி மையம் அது. புதிய திறன் தரநிலைகள் வந்திருந்தன. முடி திருத்தவோ சமைக்கவோ கற்ற பிள்ளை எதை, எப்படி, எவ்வளவு நேரத்தில் செய்துகாட்டினால் தேர்ச்சி என்று சொல்பவை. ஆசிரியர்களுக்கு அவற்றைப் புரியவைத்து, அவற்றைப் பார்த்து மதிப்பெண் போடப் பழக்குவது என் வேலை. (நான் அதுவரை காகிதம் வெட்டக்கூடக் கத்தரியை ஒழுங்காகப் பிடித்ததில்லை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

அன்றைக்கே எனக்கு இன்னொரு காரியமும் இருந்தது. கடல் பாலத்தைத் தாண்டி புக்கிட் மெர்தாஜாமில் பெண் பார்க்கப் போக வேண்டும். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண் வீட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பது என் அக்காவின் உத்தரவு. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் இனி உனக்காக எந்த வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

பிள்ளை செய்த வேலைதான் எவிடென்ஸ், அதாவது சான்று, மதிப்பெண் போட்டு முடியும்வரை அதை யாரும் தொடக் கூடாது என்று காலையில் நான் விளக்கியபோது ஆசிரியர்கள் கொட்டாவி விட்டார்கள். சமையல் கற்பிக்கும் ஜமால் சார் பட்டென்று கேட்டுவிட்டார்.

"இத்தன வருசமா சொல்லிக் குடுக்கிறேன் சார். பையன் சமைச்சத வாயில வச்சா தெரியாதா? இதுக்கு எதுக்குலா ஸ்டாண்டர்ட்டு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மதியம் செய்முறை என்று அறிவித்தேன். முடி திருத்தக் கற்பிக்கும் தனலெட்சுமி டீச்சர் மாணவியாக நடிப்பார். மற்றவர்கள் தரநிலையைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். வாடிக்கையாளர் நான்தான். (பெண் பார்க்கப் போகிற தலை ஓசியில் சீராகிவிடும். என் மூளையே மூளை!)

"டீச்சர், நீங்க உங்க மாதிரி வெட்டாதீங்க. உங்க வகுப்புல ரொம்பத் தடுமாறுற பிள்ள மாதிரி வெட்டுங்க. மத்தவங்க உதவக் கூடாது. நேரம் முடிஞ்சா கத்தரியக் கீழ வச்சிரணும். என்ன ஆனாலும் சரி!"

கடைசி வாக்கியத்தை மேசையைத் தட்டிச் சொன்னேன்.

தனலெட்சுமி டீச்சர் அந்தப் பிள்ளையாகவே மாறிவிட்டார். என் கழுத்தில் துணியைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். சீப்பைத் தவறவிட்டார், கழுவப் போனார், நெடுநேரம் கழித்து வந்தார். இடப்பக்கத்தை ஒவ்வொரு முடியாக எடுத்துப் பிரமாதமாகத் திருத்தினார். வலப்பக்கத்துக்கு வந்தபோது மணி அடித்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

"பரவால்ல, வெட்டி முடிச்சிருங்க டீச்சர்" என்று சிரித்தேன்.

"முடியாது சார். நேரம் முடிஞ்சிச்சி."

"நடிப்பு போதும் டீச்சர், சும்மா வெட்டுங்க."

ஜமால் சார் எழுந்து குறுக்கே வந்தார். "மார்க் போட்டு முடியிற வரைக்கும் தலையத் தொடக் கூடாது சார். அதுதான் இப்ப எவிடென்ஸ். காலையில நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். அந்த எவிடென்ஸ் என் கழுத்துக்கு மேலே இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

என் தலையைச் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். இடப்பக்கம் நன்றாக இருக்கிறதே, பாதி மதிப்பெண் தரலாம் என்றார் ஒருவர். "பாதின்னு எந்த வரியில இருக்கு? காட்டுங்க!" என்று பாய்ந்தவர் ஜமால் சார்தான். விழுந்த சீப்பைக் கழுவியதற்குச் சுகாதாரத்தில் முழு மதிப்பெண், வேகத்தில் தேர்ச்சியில்லை. அதை எழுதிய ஜமால் சார் பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட ஒரு பையன் இருக்கான் சார். மெதுவாத்தான் செய்வான், ஆனா அவ்ளோ ருசி. நான் அவன மொத்தமா ஃபெயில் பண்ணி வச்சிருக்கேன். நாளைக்கே கூப்பிட்டு, இதப் பார்த்து மறுபடி போடணும்."

கொட்டாவி விட்ட மனிதர்களா இவர்கள்! விடுமுறை நாளை விட்டுவிட்டு வந்து, முகமறியாத பிள்ளைகளுக்காக ஒரு வரிக்கும் மறுவரிக்கும் மல்லுக்கட்டினார்கள். அவர்கள் மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

வாசலில் அக்காவின் கார் ஹோர்ன் அலறியது. "அஞ்சே நிமிசம் சார், இப்ப வெட்டிர்றேன்" என்று டீச்சர் ஓடிவந்தார். ராகு காலத்துக்கு அதெல்லாம் புரியுமா? அக்கா என்னை இழுத்துக் காரில் போட்டாள். பாலம் நெடுகத் திட்டினாள்.

பெண்ணின் அப்பா என் இடப்பக்கம் வரும்படி அக்கா என்னை உட்காரவைத்தாள். "மாப்பிள நீட்டா இருக்காரு" என்று அவர் பூரித்தார். வலப்பக்கம்தான் சமையலறை என்பதை அக்கா கவனிக்கவில்லை. காப்பித் தட்டோடு வந்த கலைவாணி நின்றாள். தட்டு குலுங்கியது. பிறகு அவள் சிரிப்பில் குலுங்கினாள்.

"என்னாச்சிங்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்களே கேட்டும் அவங்க வெட்டலயா?"

"வெட்டல."

"அப்ப நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்று காப்பியை நீட்டினாள்.

எங்களுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அப்பாவைக் கட்டிக்கொள்ள எப்படியம்மா சம்மதித்தாய் என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் கலைவாணி சொல்வது ஒன்றுதான்.

"இடது பக்கத்தப் பார்த்துத் தாத்தாவுக்குப் பிடிச்சிச்சி. வலது பக்கத்தப் பார்த்து எனக்குப் பிடிச்சிச்சி."