கொசுவலை வழியாகப் பெய்த மழை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மோட்டார் கடையும், கடையில் உள்ள பம்புகளும் நலம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் என் மனைவியும் நலம் என்று ஒரு வரி எழுதுவேன். அவள் தற்சமயம் தங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அந்த வரியைத் தாங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். அவள் என் போனை எடுப்பதில்லை. தாங்கள் எடுக்கிறீர்கள், ஆனால் மழை என்ற சொல் காதில் விழுந்த உடனே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். நான் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், அதன் பிறகு நீங்களே நியாயம் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு நாடகம். டிக்கெட் எல்லாம் போய்விட்டது, சுவரெல்லாம் தங்கள் தங்கையின் முகம்தான். அவள் வராவிட்டால் நாடகமே கிடையாது.

கதை தங்களுக்குத் தெரியும். கடைசிக் காட்சியில் புருஷன் வீட்டை விட்டுப் போகிறான். மனைவியாக நடிக்கும் தங்கள் தங்கை வாசலில் மழையில் நின்று அவன் போவதைப் பார்க்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை, முகம் மட்டும்தான். புருஷனாக நடிப்பவர் நம் ஊர்ப் பல் டாக்டர். இயக்குவது பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். நான் நாடகத்தில் எதுவும் இல்லை, மனைவியை ஒத்திகைக்குக் கொண்டுவிட்டுக் கூட்டிவருகிறவன், அவ்வளவுதான். ஒருநாள் வாத்தியார் என்னைப் பார்த்து, "தண்ணி சமாச்சாரம்லாம் உங்களுக்கு அத்துப்படியாச்சே, மேடையில மழை பெய்ய வைக்க முடியுமா?" என்று கேட்டார். மச்சான், இத்தனை வருஷம் நான் அடுத்தவர் வீட்டு மாடித் தொட்டிக்குத்தான் தண்ணீர் ஏற்றியிருக்கிறேன். என்னிடம் ஒரு மனுஷன் மழை கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் பிளாஸ்டிக் குழாயில் வரிசையாக ஓட்டை போட்டு மேடைக்கு மேலே கட்டினேன். வால்வைத் திறந்தால் தண்ணீர் சீப்புப் பல் மாதிரி நேர்நேராக இறங்குகிறது. அதுவாவது தெரிந்தால் பரவாயில்லை, கீழே நாற்காலியில் இருந்து பார்த்தால் மழையே தெரியவில்லை, காரணமே இல்லாமல் நனைந்துகொண்டிருக்கும் இரண்டு பேர்தான் தெரிகிறார்கள். சத்தமோ குளியலறையில் யாரோ குழாயை மூட மறந்த சத்தம். அதற்கு மேல், தண்ணீர் வடியத் தார்ப்பாயைப் பின்பக்கம் சரிவாக விரிக்க வேண்டியவன் முன்பக்கம் சரிவாக விரித்துவிட்டேன், முதல் வரிசையில் ஒத்திகை பார்க்க வந்திருந்தவர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டே பாக்கி நாடகத்தைப் பார்த்தார்கள்.

சத்தத்துக்கு வழி கண்டுபிடித்தேன். நிஜத் தண்ணீர் மேடையில் விழுந்தால் மழை மாதிரிக் கேட்காது மச்சான், காய்ந்த பட்டாணியைத் தகரத் தட்டில் போட்டு மெல்லச் சாய்த்தால்தான் மழை மாதிரிக் கேட்கிறது! தட்டைக் கொஞ்சம் வேகமாகச் சாய்த்தால் அடைமழை, மெதுவாக என்றால் தூறல். தாங்கள் இதைப் படித்து முடித்ததும் சமையல்கட்டில் செய்து பாருங்கள், அக்கா திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள். அடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்தால் வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். நான் எதையும் கொஞ்சமாகச் செய்கிறவன் இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். மழைக்குத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த டிரம்மில் ஒரு குடம் பாலைக் கவிழ்த்தேன். மழை அருமையாகத் தெரிந்தது. கூடவே பின் சந்தில் இருந்த பூனைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. பல் டாக்டர் "என்னைத் தேடாதே" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார், ஒரு பூனை அவர் காலை நக்கிக்கொண்டே கூடப் போகிறது. பிரிய மனமில்லாத ஜீவன் அந்த மேடையில் அது ஒன்றுதான் என்று எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் விளக்குச் சூட்டில் டிரம்மில் இருந்த பால் திரிந்துபோனது எனக்குத் தெரியாது. அதைத் தங்கள் தங்கையின் தலையில்தான் முதலில் கண்டுபிடித்தோம். அதற்கு அவள் என்னைத் திட்டியது நியாயம்தான்.

அதன் பிறகு அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. பச்சைத் தண்ணீரில் தினமும் நனைந்தால் வராதா என்ன? பெண்டாட்டி மேல் அக்கறை இல்லாதவன் என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது என்று இரண்டு பெரிய பாய்லரை இரவல் வாங்கி வெந்நீராகவே மழை பெய்ய வைத்தேன். அன்பு சற்று அதிகமாகிவிட்டது. மேடை முழுக்க ஆவி. புருஷன் போய்விட்டான், அவள் கண்கலங்கி நிற்கிறாள், ஆவியில் தலை மட்டும் தெரிகிறது, பின் வரிசையில் இருந்து ஒரு பெரியவர், "முதுகு தேய்க்க ஆள் அனுப்பட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டார். அரங்கமே சிரித்தது. வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் ஒரே ஒரு தடவைதான் பார்ப்பேன். சரியா வரலைன்னா ரெக்கார்டுல மழைச் சத்தத்தைப் போட்டுட்டு விளக்கை அணைச்சிடுவேன்" என்றார். விளக்கை அணைத்தால் அவள் முகம் எப்படித் தெரியும் என்று நான் சண்டை போட்டேன். இதையும் தயவுசெய்து அவளிடம் சொல்லுங்கள்.

இனிமேல்தான் மச்சான் விஷயமே இருக்கிறது! ஒருநாள் கட்டிலில் படுத்து யோசித்துக்கொண்டிருந்தேன், கண்ணுக்கு நேரே கொசுவலை. எழுந்து அதை அவிழ்த்துக்கொண்டு அரங்கத்துக்கு ஓடினேன். குழாய்க்குக் கீழே அதை இழுத்துக் கட்டினால், நேராக வரும் தண்ணீர் வலையில் பட்டுச் சிதறி, துளித்துளியாக, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று இறங்குகிறது. விளக்கை முன்னால் வைக்காமல், ஈரம் படாத தூரத்தில், மழைக்குப் பின்னால் வைத்தேன். மச்சான், மழை பெய்தது! ஒவ்வொரு துளியும் தெரிகிறது. பட்டாணி உருளுகிறது, தண்ணீர் தார்ப்பாயில் பின்பக்கமாக வடிந்து தொட்டிக்குப் போய் என் பம்பு வழியாகத் திரும்ப மேலே ஏறுகிறது. நானே மேலே பரணில் வால்வைப் பிடித்தபடி அழுதுவிட்டேன். காட்சி முடிந்ததும் மொத்தப் பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். வாத்தியார், "அடடா, என்ன மழை, என்ன மழை!" என்கிறார். பல் டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். நான் ஏணியில் இறங்கி நேராக உங்கள் தங்கையிடம்தான் ஓடினேன். "எப்படி இருந்துச்சு மழை?" என்று கேட்டேன்.

அவள் தலையைக்கூடத் துவட்டவில்லை. "நான் எப்படி இருந்தேன்னு கேட்டீங்களா?" என்றாள். "நனைஞ்சிருந்தே" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு தங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது மச்சான், கோபம் கொசுவலை மேல்தான். சொல்லாமல் எடுத்தது தப்பு. அது அவள் ஆசையாக வாங்கியது. புது வலை ஒன்று, அதைவிட நல்லதாக, ஓரத்தில் பூப்போட்டது, வாங்கிக் கட்டிலில் கட்டிவிட்டேன். இனிப் பால் கிடையாது, வெந்நீர் வெதுவெதுப்பாக மட்டும், மேடை ஓரத்தில் உலர்ந்த துண்டு, காலுக்கு வழுக்காத ரப்பர் விரிப்பு. இவ்வளவும் எடுத்துச் சொல்லி, மாப்பிள்ளை திருந்திவிட்டான் என்று அவளைச் சமாதானப்படுத்தி பஸ் ஏற்றிவிடுங்கள். தங்கள் பேச்சை அவள் தட்ட மாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள். தங்கள் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன், குறையாவிட்டால் குறைய வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன். "விளக்கைச் சரிபார்க்க வேண்டும், உங்கள் மனைவி நிற்கிற இடத்தில் நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள்" என்றார் வாத்தியார். வால்வை அவரே திறந்தார். நின்றேன். தலையில் மழை கொட்டுகிறது. எதிரே பார்த்தால் ஒத்திகைக்கு வந்திருந்த அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு என் தலைக்கு மேலே பார்க்கிறார்கள். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை. மச்சான், நடிக்கத் தெரியாத எனக்கே ரோஷம் வந்துவிட்டது. அவள் அழுத அழுகையை நானே இன்றுவரை பார்த்ததில்லை, நான் துளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொசுவலையாவது ஒன்றாவது. உடனே ஏணி போட்டுக் குழாய், வலை எல்லாவற்றையும் கழற்றிக் கீழே போட்டேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே போன் அடித்தேன், எடுத்துவிட்டாள். "மழையே வேண்டாம்மா, எல்லாத்தையும் கழட்டிட்டேன், நீ வந்து நடி, எல்லாரும் உன்னை மட்டும் பார்க்கட்டும்" என்றேன். அதற்கு அவள் சொல்கிறாள்: "உங்களுக்கு என்ன பைத்தியமா? அந்த மழையில நிக்கிறப்பதான் எனக்கு நிஜமாவே அழுகை வந்துச்சு. ஒழுங்கா எல்லாத்தையும் திரும்ப மாட்டுங்க. ஆனா மேல வேற யாராவது போகட்டும். நீங்க முன்னால உக்காந்து என்னைப் பாருங்க."

அதனால் நீங்களும் அவளோடு கிளம்பி வாருங்கள் மச்சான், முழங்கால் வலியோடானாலும் சரி. ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன். வால்வை இடப்பக்கம் மெதுவாகத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு முதல் வரிசையில் வேலை இருக்கிறது.